சோல்-ஜெல் கண்ணாடி பால் மாதிரித் திரைகிறது, அவசர உதவி!

ஹட்டன் மழை:
சோல்-ஜெல் முறையில், அதாவது உருக்காமல் கரைசலை ஜெல்லாக்கிக் காயவைத்துச் சூடாக்கி, சிலிக்கா-டைட்டேனியா கண்ணாடி, இறுதியாண்டுத் திட்டம். சிலிக்கா தரும் டெயோஸையும் டைட்டேனியா (டைட்டேனியம் ஒட்சைட்டு) தரும் டைட்டேனியம் ஐசோப்ரொப்பொக்சைட்டையும் கலந்து தண்ணீர் விட்டால், விட்ட இடத்திலேயே வெள்ளையாகத் திரைகிறது. மூன்று தடவையும் இதே கதை. வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும்.

பண்டாரவளை வடிகட்டி:
எவ்வளவு தண்ணீர்? அமிலம் உண்டா? எதனோல்? டைட்டேனியா எத்தனை வீதம்? ஒன்றுமே சொல்லவில்லையே தம்பி.

நானுஓயா மூட்டம்:
பனிமூட்டம்தான். ஜன்னலைத் திறந்து வைத்திருப்பீர்கள். அந்த டைட்டேனியம் சாமானுக்குக் காற்றிலுள்ள ஈரமே போதும். என் போத்தல் மூடியைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கிறது.

பழைய சோதனைக்குழாய்:
மூட்டமாவது மண்ணாவது. டெயோஸ் நீர்ப்பகுப்படைய, அதாவது தண்ணீரோடு வினைப்பட்டு உடைய, மணிக்கணக்காகும், டைட்டேனியம் சேர்வைக்குக் கண் இமைக்கும் நேரம் போதும். இரண்டையும் ஒன்றாக விட்டால் டைட்டேனியம் தனியாகப் படிந்துவிடும். இதெல்லாம் இரண்டாமாண்டுப் பாடம். இப்போது யார் படிக்கிறார்கள்?

ஹட்டன் மழை:
தம்பி இல்லை, தங்கச்சி. எதனோல் கொஞ்சம் விட்டேன், அமிலம் விடவில்லை, தண்ணீர் கண்ணளவு. டைட்டேனியா 10 மோல் வீதம். இன்னொன்று, அந்த டைட்டேனியம் போத்தல் காலையில் கட்டியாகிக் கிடந்தது, வெந்நீரில் வைத்து உருக்கினேன். கெட்டுவிட்டதா?

பண்டாரவளை வடிகட்டி:
கெடவில்லை. 17 பாகைக்குக் கிட்டவே உறைகிற சாமான் அது. நம் பக்கத்து விடியலில் தேங்காய் எண்ணெய் உறைவதில்லையா? உருகிய பிறகும் வெள்ளை மிதந்தால்தான் ஈரம் பட்டிருக்கிறது.

சரி, இப்படிச் செய்து பாருங்கள். டெயோஸ் 20 மில்லிலீற்றர், எதனோல் 21, முதலில் தண்ணீர் 1.6 மட்டும். அந்தத் தண்ணீரில் ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. ஒன்றிரண்டு மணி நேரம் கலக்குங்கள். குளிர் என்பதால் அவசரப்பட வேண்டாம். டெயோஸின் ஒரு பகுதி மட்டும் நீர்ப்பகுப்படைந்து நிற்கும். அப்புறம் டைட்டேனியம் 3 மில்லிலீற்றரை உலர்ந்த எதனோலில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வந்ததும், நீர்ப்பகுப்பால் சிலிக்கனில் உண்டான ஓஎச் (OH) கூட்டம் அதைப் பிடித்துக்கொள்ளும், தன்னோடு தானே சேர வழியிருக்காது. அரை மணி கழித்துத்தான் மிச்சத் தண்ணீர், அதையும் எதனோலில் கலந்து.

பதுளைக் குடுவை:
இவ்வளவு பாடு எதற்கு? அசற்றைலசற்றோன் 1 மில்லிலீற்றர் போட்டு டைட்டேனியத்தைக் கட்டிவிட்டால் திரையவே திரையாது. மஞ்சளாகும், அந்த மஞ்சள் சூட்டில் எரிந்து போய்விடும்.

பழைய சோதனைக்குழாய்:
காற்றோட்டம் போதாமல் சூடாக்கினால் கரி தங்கிக் கறுக்கும். அதையும் சொல்லிக் கொடுங்கள்.

தலவாக்கலை:
நாத்தாண்டியாவில் நல்ல சிலிக்கா மணல் இருக்கிறதே, உருக்கினால் முடிந்தது. உருக்காததைக் கண்ணாடி என்று சொல்ல ஏலுமா?

பதுளைக் குடுவை:
சிலிக்கா உருக 1700 பாகை வேண்டும் அண்ணே. தேயிலை பக்டரி அடுப்பிலா? ஜெல்லை 1000 பாகைக்குக் கிட்டவே இறுக்கலாம்.

தலவாக்கலை:
கேட்டது பெயரைப் பற்றி. அடுப்பைப் பற்றி இல்லை.

பழைய சோதனைக்குழாய்:
எக்ஸ்-கதிர்ப் படத்தில் பளிங்கு உச்சிகள் இல்லாவிட்டால் அது கண்ணாடி. உருக்கினாயா, ஊற்றினாயா என்று அது கேட்காது. அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அனற்றேஸ் என்ற டைட்டேனியாப் பளிங்கு பிரிந்து உச்சி காட்டும், அப்போது வாருங்கள் பேசுவோம்.

பண்டாரவளை வடிகட்டி:
தங்கச்சி, இதையெல்லாம் விடுங்கள். வெள்ளிக்குள் காயாது, ஈர ஜெல்லைத்தான் காட்டலாம். காய வைக்கும்போது வாயை மூடி, ஊசியால் நாலைந்து துளை போதும். நுண்துளைகளுக்குள் நீர்மம் பின்வாங்கும்போது சுவரை இழுக்கும், வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். இங்கேதான் மூட்டம் அண்ணனின் மூட்டம் உதவும், ஈரக் காற்றில் மெல்லக் காயும்.

நானுஓயா மூட்டம்:
நான் சொன்னேன்தானே!

பழைய சோதனைக்குழாய்:
நீங்கள் சொன்னது வேறு.

(பதினெட்டு நாள் கழித்து)

ஹட்டன் மழை:
வடிகட்டி அண்ணன் சொன்னபடி செய்தேன், திரையவில்லை, தெளிவாக வந்தது. காய்ந்தபோது மூன்று துண்டாகிவிட்டது. சேர் பரவாயில்லை என்றார். நன்றி.

பண்டாரவளை வடிகட்டி:
எத்தனை துளை போட்டீர்கள்?

பதுளைக் குடுவை:
தங்கச்சி?