எடை நகராத மாதங்களில் எது உங்களை நடக்க வைத்தது?

மதுரையிலிருந்து

போன வருடம் தை மாதம் 94 கிலோ இருந்தேன். வயது 43, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அப்பாவுக்குச் சர்க்கரை, இரண்டு அத்தைகளுக்கும் சர்க்கரை. எனக்கு ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.2 என்று வந்ததும் டாக்டர், "பார்டர்ல நிக்கிறீங்கம்மா, இப்பவே பிடிச்சா பிடிக்கலாம்" என்றார். மறுநாள் விடியற்காலையிலேயே வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டேன்.

முதல் மாதம் மூன்றரை கிலோ இறங்கியது. தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். அதில் நல்ல பங்கு வெறும் தண்ணீர் என்பது பிறகுதான் தெரிந்தது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை ஈரலும் தசையும் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கின்றன. அதில் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றைக் குறைத்ததும் அந்த இருப்பு கரைகிறது, தண்ணீரும் போகிறது. அதனால்தான் முதல் மாதம் எல்லோருக்கும் அவ்வளவு வேகமாக இறங்குகிறது. இது முன்பே தெரிந்திருந்தால் அடுத்த மாதம் ஒன்றரைக் கிலோதான் என்றபோது அவ்வளவு வாடியிருக்க மாட்டேன்.

எப்படியோ ஆடிக்குள் 82-க்கு வந்தேன். அதோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் வெறும் வயிற்றில் மெஷினில் ஏறுவேன். 82.4, 82.1, 82.6, 82.3. பதினொரு வாரம் இப்படியே போனது. அதே நடை, அதே இரண்டு இட்லி, இரவில் அதே ஒரு சப்பாத்தி. இடையில் ஒரு கல்யாண வீட்டில் வரிசையாக மூன்று பேர், "என்ன இப்படி இளைச்சுட்டீங்க, சுகர் வந்துருச்சா?" என்று கேட்டார்கள். சுகர் வராமல் இருக்கத்தானே இவ்வளவும் செய்கிறேன் என்று நினைத்தபோது அழுகையே வந்தது. எட்டாவது வாரம் நான்கு நாள் நடக்கப் போகவில்லை. அலாரம் அடித்தது, அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

என்னைத் திரும்ப எழுப்பியது ஒரு ஜாக்கெட். எங்கள் தெருத் தையல்கார அக்கா பக்கவாட்டில் உள்பக்கமாக மூன்று வரிசை தையல் போட்டுத்தான் கொடுப்பார். உடம்பு போட்டால் ஒரு வரிசையைப் பிரித்துக்கொள்ளலாம். பத்து வருடமாக அவரிடம் நான் போனதெல்லாம் பிரிக்கத்தான். பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். அங்கே மட்டும் துணி வெளுக்காமல் புதுசாக இருக்கும். அந்தக் கோட்டைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. தங்கை மகள் வளைகாப்புக்காக மாம்பழ நிறச் சேலையை எடுத்தபோது அதன் ஜாக்கெட் தொளதொளவென்று இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா இரண்டு விரலால் பக்கத்துணியைப் பிடித்துப் பார்த்தார், குண்டூசி குத்தினார், டேப்பைச் சுற்றினார். அப்புறம் தன் அளவு நோட்டைப் புரட்டினார். "ஆடியில எழுதுனப்ப இடுப்பு முப்பத்தெட்டு. இப்ப முப்பத்தாறரை. ஒழுங்கா சாப்பிடுறியா இல்லையா நீ?"

ஆடிக்கும் அன்றைக்கும் நடுவில் மெஷினில் ஒரு கிலோகூட மாறவில்லை. இடுப்பில் மட்டும் ஒன்றரை அங்குலம் போயிருக்கிறது! பழைய மூன்று வரிசைக்கும் உள்ளே தள்ளி நான்காவதாக ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் ஐந்தே காலுக்குத் தெப்பக்குளத்தில் இருந்தேன்.

ஏன் நின்றது என்பதையும் பிறகு உட்கார்ந்து யோசித்தேன். 94 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கச் செலவாகும் சக்தி 82 கிலோவுக்கு ஆகாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு எரிப்பதும் குறைந்துவிடுகிறது. தையில் போதுமானதாக இருந்த சாப்பாட்டுக் கணக்கு ஆடியில் போதாது. இன்னொன்றை அடுப்படியில் கண்டுபிடித்தேன். ஆரம்பத்தில் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தவள் எப்போது மறுபடி தூக்கிலிருந்து நேராகச் சாய்க்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நாங்கள் நான்கு பேர், மாதம் ஐந்து லிட்டர் தீர்ந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல், கலோரியில் 340 சொச்சம். இப்போது மாதம் மூன்று லிட்டர்தான் வாங்குகிறேன். தீர்ந்தால் அடுத்த மாதம்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

எனக்கு இன்னும் பன்னிரண்டு கிலோ இருக்கிறது. மறுபடி நிற்கும் என்று தெரியும். அதனால்தான் கேட்கிறேன். உங்களுக்கு நின்றபோது என்ன செய்தீர்கள்? எப்படிக் குறைத்தீர்கள் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். குறையாதபோது எப்படி இருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து, பேருந்து ஓட்டுநர்

அக்கா, நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரிக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தத் தையல் விஷயத்தைக் கேட்டு அவள் சிரித்துக்கொண்டே, "எனக்கும் அப்படித்தான்" என்றாள்.

எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். இராத்திரி வண்டி. பன்னிரண்டு மணிக்கு மோட்டலில் நிறுத்தினால் புரோட்டாதான், சால்னாதான். தூக்கம் வராமல் இருக்க டீ. ஒரு நாளைக்கு எட்டு டீ, டீக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் பதினாறு கரண்டி. எங்கள் மருத்துவ முகாமில் இருந்த ஓர் அம்மா இதைக் கணக்குப் போட்டு, 60 கிராமுக்கு மேல் வருகிறது, 25 கிராமோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றார். நான் அதுவரை சீனியைச் சாப்பாடாகவே நினைத்ததில்லை.

109-ல் இருந்து 97 வரை வந்து இரண்டரை மாதம் அசையவில்லை. என் மெஷின் எது தெரியுமா? ஸ்டீரிங். முன்பெல்லாம் சீட்டில் உட்கார்ந்தால் ஸ்டீரிங் விளிம்பு வயிற்றில் இடிக்கும். வளைவில் ஒடிக்கும்போது சட்டைப் பொத்தான் உரசி உரசி நாலாவது பொத்தான் எப்போதும் பிய்ந்திருக்கும். இப்போது நடுவில் என் முஷ்டி நுழைகிறது. வண்டியை எடுப்பதற்கு முன்னால் கையை மடக்கி ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவி போடுவேன். 97-ல் நின்ற மாதங்களில் விரல் நான்கு நுழைந்தது முஷ்டியாக ஆனது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது என் கண்டக்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவன், அவனுக்கு உடம்பே கிடையாது. நான் சீனியை விட்ட அன்றைக்கு, "அண்ணே, நானும் விடுதேன்" என்றான். கடையில் நான் வாயைத் திறப்பதற்குள், "ரெண்டு டீ, சீனி இல்லாம" என்று சொல்லிவிடுவான். ஒரு நாள் சலித்துப்போய், "இன்னிக்கு ஒரு நாள் போட்டுக்கிடுதேன்டே" என்றேன். "சரிண்ணே, அப்ப எனக்கும் போடச் சொல்லுங்க" என்றான். அவனைக் கெடுக்க மனசு வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது 93.

கோவையிலிருந்து

எனக்கு வயது 26, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது. விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறேன். என் தவறு தினமும் எடை பார்த்தது. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் ஒன்றரைக் கிலோ ஏறிவிடும். அன்றைக்கு முழுக்க எதுவும் சாப்பிட மாட்டேன். மறுநாள் பசி தாங்காமல் கண்டதையும் சாப்பிடுவேன். அது நீர் கோப்பதால் ஏறும் எடை, கொழுப்பு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்தேன். மாதவிலக்கு முடிந்த மூன்றாம் நாள் மட்டும் எடை பார்க்கிறேன். போன முறை அதே நாளில் இருந்த எடையோடு ஒப்பிடுகிறேன். எனக்குச் சுழற்சி தள்ளிப்போகும், நாற்பது நாள்கூட ஆகும். பரவாயில்லை, அதுவரை மெஷின் கட்டிலுக்கு அடியில் இருக்கும். எட்டு முறை பார்த்ததில் ஆறு முறை குறைந்திருக்கிறது.

ரேஸ்கோர்ஸில் சாயங்காலம் நடக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.

சேலத்திலிருந்து

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் குறைத்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டவன்.

நான்கு வருடம் முன்பு ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். காலையில் ஒரு பவுடர், மதியம் ஒரு பவுடர், இரவில் மட்டும் முட்டையும் காயும். நான்கு மாதத்தில் 17 கிலோ குறைந்தது. என் புகைப்படத்தை அவர்கள் சுவரில் ஒட்டினார்கள். தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்ததையும், மாடி ஏறினால் கண் இருட்டியதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. டப்பா வாங்கக் காசில்லாத மாதம் வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பினேன். வீட்டுச் சாப்பாட்டை எப்படி அளவாகச் சாப்பிடுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. ஒரு வருடத்தில் 15 கிலோ திரும்பி வந்துவிட்டது.

அதன்பிறகு நான் நடந்துகொண்டிருந்த காந்தி மைதானத்துப் பக்கமே போகவில்லை. அங்கே பழகியவர்கள் கேட்பார்களே என்ற வெட்கம். வேலைக்குப் போகும்போதுகூட வேறு தெரு வழியாகச் சுற்றிப் போவேன். இந்த வெட்கம்தான் என் ஒன்றரை வருடத்தைத் தின்றது, சாப்பாடு இல்லை. ஒரு நாள் மார்க்கெட்டில் அங்கே நடக்கும் பெரியவர் ஒருவர் எதிரே வந்துவிட்டார். ஒளிய இடமில்லை. என்னை மேலும் கீழும் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ, "தம்பி, உங்களைத் தேடிட்டே இருந்தோம். நம்ம செட்டுல ரெண்டு பேர் போயிட்டாங்க, தெரியுமா?" என்றார். யார் யார் என்று சொன்னார். அதில் ஒருவர் தினமும் எனக்கு வேப்பங்குச்சி ஒடித்துத் தருவார். அங்கேயே நின்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் போனேன். ஒருவர்கூட என் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்த முறை பதினான்கு மாதத்தில் 9 கிலோதான். கேழ்வரகுக் களியும் கீரையும் மோரும் சாப்பிட்டுக் குறைத்த 9 கிலோ. மூன்று தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவர்ப் புகைப்படம் ஞாபகம் வரும், பவுடர் டப்பாவை நினைத்துக் கை பரபரக்கும். அப்போதெல்லாம் இரவு எட்டு மணிக்கே படுத்துவிடுவேன், வேறு வழி தெரியவில்லை.

சென்னையிலிருந்து, ஓய்வு பெற்ற செவிலியர்

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். சேலம் தம்பி, எழுதியதற்கு நன்றி. உங்களைப் போல எத்தனையோ பேர் வெட்கப்பட்டு மருத்துவமனைக்கே வராமல் இருந்துவிட்டு, கால் புண்ணோடு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மதுரைப் பெண் பார்டர் என்று சொன்னதால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்று ஓர் ஆய்வு நடந்தது. 2006-ல் முடிவுகள் வந்தன. உங்களைப் போல எல்லையில் நின்ற 531 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு செய்துகொண்டவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பதுதான் இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது. மெஷின் நகராத அந்தப் பதினொரு வாரமும் உங்கள் கால்கள் உங்களுக்காக வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. வார்டில் நான் இதைச் சொல்லும்போது நம்பாதவர்கள் உண்டு. உங்கள் ஜாக்கெட்டை அவர்களுக்குக் காட்டியிருக்கலாம்.

இடுப்புச் சுற்றளவைத் தொப்புளுக்குச் சற்று மேலே, மூச்சை இயல்பாக விட்டுவிட்டு அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பதை எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதை எட்ட நாளாகும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவு. இன்னொன்று, ரொம்ப நாள் நின்றால் ஒரு தடவை தைராய்டு பார்த்துவிடுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எடை குறையக் குறைய டாக்டரிடம் காட்டி மாத்திரை அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும், தாங்களாகவே நிறுத்தக்கூடாது. நீங்கள் ஒன்றுமே செய்யாமல் எடை தானாக இறங்கி, தாகமும் இருந்தால் உடனே ரத்தம் பாருங்கள். கல்யாண வீட்டில் கேட்டவர்கள் மனதைப் புண்படுத்திவிட்டார்கள், ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும்.

மதுரையிலிருந்து

அம்மா, நீங்கள் சொன்ன அந்த 39-ஐயும் 55-ஐயும் ஒரு தாளில் எழுதி எண்ணெய்க் கேனுக்கு மேலே ஒட்டிவிட்டேன். வீட்டுக்காரர் என்ன கணக்கு என்று கேட்டார், சொன்னேன். இரண்டு நாளாக அவரும் கூட வருகிறார். மூன்றாவது சுற்றில் உட்கார்ந்துவிடுகிறார், நான் நான்காவதை முடித்துவிட்டு வந்து எழுப்பிக் கூட்டிப்போகிறேன்.

நெல்லைத் தம்பி, உங்கள் கண்டக்டரிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். சேலம் தம்பி, எட்டு மணிக்குப் படுப்பதை நானும் செய்து பார்த்தேன், இரவு முறுக்கு டப்பாவைத் திறக்கும் பழக்கம் அதிலேயே பாதி நின்றுவிட்டது. கோவைப் பெண்ணே, யாராவது துணைக்குக் கிடைத்தார்களா?

இந்த வெள்ளிக்கிழமை 81.7. அடுத்த வெள்ளி ஐப்பசி அடைமழையாக இருந்தால் மண்டபத்துத் திண்ணையில்தான் நடை.