மருதாணி காயாத கையோடு போட்ட கையெழுத்து

லண்டனில் எங்கள் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் பிரீநப் ஒப்பந்தத்தை, அதாவது பிரிந்தால் யாருக்கு எது என்று முன்கூட்டியே எழுதும் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். வீடு என் கணவரின் அப்பா வாங்கிக் கொடுத்தது, அதில் எனக்குப் பங்கு கிடையாது, பிரிந்தால் அவரவர் சம்பாத்தியம் அவரவருக்கு. பதினோரு பக்கத்திலும் சாரம் அவ்வளவுதான். மருதாணி சரியாகக் காயவில்லை, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் பதிந்துவிட்டது. மதுரையில் இருந்த அம்மா "அதெல்லாம் கோர்ட்ல நிக்காதுடி" என்றார். இந்தியாவில் பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் நான் விவாகரத்துக்குப் போனது இங்கே.

பத்து வருஷம் கழித்து என் சொலிசிட்டரிடம் (வழக்கைக் கவனிக்கும் வக்கீல்), எனக்கென்று அன்றைக்கு வக்கீலே இல்லை, அப்புறம் எப்படிச் செல்லும் என்று ரொம்பத் தைரியமாகக் கேட்டேன். அவர் 2010ல் வந்த ராட்மாக்கர் வழக்கைச் சொன்னார். அதில் கணவர் பிரெஞ்சுக்காரர், ஒப்பந்தம் ஜெர்மன் மொழியில், அவருக்கும் தனி வக்கீல் இல்லை, மனைவியின் சொத்து எவ்வளவு என்று பட்டியலும் காட்டவில்லை. ஆனாலும் விவரம் தெரிந்த பேங்கர், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று புரிந்தே போட்டார் என்று பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் ஒப்பந்தத்துக்குப் பெரிய மதிப்புக் கொடுத்துவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆனால் அந்தத் தாளே தீர்ப்பாகிவிடாது, இங்கே 1973ஆம் வருஷ விவாகரத்துச் சட்டப்படி கடைசி முடிவு நீதிபதி கையில்தான், பிள்ளைகளின் தேவையை எந்த ஒப்பந்தமும் வெட்ட முடியாது என்றும் அவரே சொன்னார். அதனால் கோர்ட்டுக்கு வரவு செலவு, சொத்து விவரம் கொடுக்கும் ஃபார்ம் ஈ நிரப்பும்போது ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு உட்கார்ந்து பள்ளி ஷூ, பஸ் காசு வரைக்கும் கணக்கு எழுதினேன். பிள்ளைகளுக்காக எட்டு வருஷம் வேலையை விட்டிருந்தேன், அதையும்.

சமரசத்துக்கான விசாரணையில் நீதிபதி அந்தக் கடைசிப் பக்கத்தில் நின்றார். ஜெராக்ஸில் மருதாணிக் கறை வெறும் கறுப்புத் தீற்றலாக இருந்தது. தேதியைப் பார்த்தார், கல்யாணத் தேதியைக் கேட்டார், என் கணவர் தரப்பில் வாதாட வந்த பாரிஸ்டர் தொண்டையைச் செருமினார். மூன்று நாள் அவகாசம் உறுத்துகிறது, ஆனால் ஒப்பந்தத்தைத் தூக்கியெறியவும் மாட்டேன் என்கிற மாதிரிதான் நீதிபதி பேசினார். அது தீர்ப்பு இல்லை, இறுதி விசாரணைக்குப் போனால் எப்படி முடியலாம் என்று காட்டுவது. வக்கீல் பீஸ் ஏறிக்கொண்டே போனதால் அன்றே பேசி முடித்தோம்.

சின்னவளுக்கு 18 ஆகும்வரை நாங்கள் அதே வீட்டில் இருக்கலாம், அப்புறம் வீடு கணவருக்கு. மாதச் செலவுக்கு ஐந்து வருஷம் பணம். சின்னவளுக்கு இப்போது ஒன்பது, நான் மறுபடி வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது.