காமா கதிர் தரைக்கே வராது என்றால், லடாக்கில் இருக்கும் தொலைநோக்கி எதைப் பார்க்கிறது?

தேவனாம்பட்டினம் செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். நான் கடலூர் தேவனாம்பட்டினம். வீட்டில் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பு, இயற்பியல் என்றால் அவளுக்கு உயிர்.

லடாக்கில் ஹான்லே என்ற ஊரில் 21 மீட்டர் அகலத்தில் மேஸ் என்று ஒரு தொலைநோக்கியை 2024 அக்டோபரில் திறந்தார்கள் அல்லவா, அது விண்வெளியிலிருந்து வரும் காமா கதிரை ஆராயும் என்று எங்கோ படித்திருக்கிறாள். ஆனால் காமா கதிரைக் காற்று மண்டலம் தடுத்துவிடும், அதற்காகத்தான் செயற்கைக்கோள் அனுப்புகிறார்கள் என்று பாடத்தில் இருக்கிறது. "எதும்மா சரி?" என்று இரண்டு நாளாகக் கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. தானே புயல் அடித்தபோது இவள் இடுப்புக் குழந்தை. எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பொங்கல் கழிந்து ஒரு ராத்திரி அப்பா (கடலுக்குப் போனவர், இப்போது இல்லை) மாடியில் நின்று இவளுக்கு ஆறாமீனை (கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்) காட்டினார். அப்படி ஒரு வானத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. தரையில் இருக்கும் தொலைநோக்கிக்குக் காமா கதிரில் முதலில் தெரிந்த நண்டு நெபுலா (வெடித்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சம்) அந்த ஆறாமீன் பக்கம்தான் இருக்கிறது என்று மகள் சொல்கிறாள். சரியாக எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பண்ருட்டி ராஜா:

பாடமும் சரி, செய்தியும் சரி அக்கா. கதிர் கீழே வராது, அது மேலே மோதிய அடையாளம் வரும். முத்தியால்பேட்டை அண்ணன் பார்த்தால் விவரமாகச் சொல்வார், உதகையில் காஸ்மிக் கதிர் வேலையே பார்த்தவர்.

முத்தியால்பேட்டை பழையவர்:

தங்கச்சி, பாப்பா சரியான இடத்தில்தான் சந்தேகம் கேட்டிருக்கிறாள். நான் விஞ்ஞானி இல்லை, எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கையால் தொட்டுப் பழகியதை வைத்துச் சொல்கிறேன்.

காமா கதிர் காற்றுக்குள் நுழைந்ததும் ஓர் அணுவின் பக்கத்தில் எலக்ட்ரானும் பாசிட்ரானுமாக மாறிவிடும். அந்த இரண்டும் மறுபடி காமா கதிர்களை உண்டாக்கும், அவை மறுபடி எலக்ட்ரான்களாகும். இப்படி இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, தரைக்குப் பத்து கிலோமீட்டர் உயரத்தில் பெரிய கூட்டமே ஆகிவிடும். இதைத் துகள் மழை என்போம்.

இனிமேல்தான் விஷயம். காற்றுக்குள் ஒளி கொஞ்சம் மெதுவாகப் போகும். தரையை ஒட்டிய காற்றில் வினாடிக்கு 80, 90 கிலோமீட்டர் குறைவு. ஆனால் அந்த எலக்ட்ரான்கள் வேகம் குறையாமல் ஒளியை முந்திக்கொண்டு ஓடும். உங்கள் ஊர் முகத்துவாரத்தில் விசைப்படகு வேகமெடுக்கும்போது மூக்கிலிருந்து இரண்டு பக்கமும் அலை விரிந்து வருகிறது பாருங்கள், அதே மாதிரி இந்த எலக்ட்ரான்களுக்குப் பின்னால் நீல ஒளி விரியும். செரன்கோவ் ஒளி என்று பெயர். விரியும் கோணம் சுமார் ஒரு டிகிரிதான். ஆனாலும் பத்து கிலோமீட்டர் இறங்கி வருவதற்குள் 120 மீட்டர் ஆரமுள்ள வட்டமாகத் தரையில் விழும்.

விழுந்து எவ்வளவு நேரம் இருக்கும்? ஐந்து, பத்து நானோ வினாடி. நானோ வினாடி என்றால் வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு நானோ வினாடியில் ஒளி ஒரு அடி ஸ்கேல் நீளம்தான் போகும். அப்படியென்றால் ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் கனத்தில் ஓர் ஒளித்தட்டு மேலிருந்து இறங்கி நம் மேல் பட்டுப் போகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் சக்தியை அளக்கும் அலகு) கதிர் வந்தால் தரையில் சதுர மீட்டருக்கு நூறு போட்டான், அதாவது ஒளித்துகள், அளவுதான் கிடைக்கும். அதனால்தான் அவ்வளவு பெரிய கண்ணாடி. அது திரட்டும் ஒளி மேஸ் கேமராவில் இருக்கும் 1088 ஒளிப்பெருக்கிக் குழாய்களில் விழும். பி.எம்.டி. என்போம். ஒரே ஒரு போட்டான் பட்டால் லட்சக்கணக்கில் எலக்ட்ரான் கொட்டும் சாமான் அது.

அந்தக் குழாயோடுதான் நான் வாழ்ந்தேன். உதகையில் நாங்கள் வைத்திருந்தது வேறு வகைக் கருவி. துகள் மழை தரைக்கு வந்த பிறகு அதைப் பிடிக்கிற, துகள் பட்டால் மினுங்கும் தகடுகள். குழாய் மட்டும் அதே ஜாதி. கறுப்புத் தாளால் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டி, ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றிவிட்டு, விளக்கை அணைத்த அறையில் டார்ச்சை மூலை மூலையாக அடித்துப் பார்ப்போம். டேப் ஒரு நூல் விலகியிருந்தாலும் மீட்டரில் எண்ணிக்கை எகிறும். உடனே வோல்ட்டேஜை இறக்கி, டேப்பைப் பிரித்து, மறுபடி முதலிலிருந்து ஒட்டுவோம். பகல் முழுக்க இதே வேலையாக இருந்த நாள்கள் உண்டு.

செயற்கைக்கோள் போதாதா என்று பாப்பா கேட்பாள். நண்டு நெபுலாவிலிருந்து ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் சக்தியுள்ள காமா கதிர் ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு ஆறேழுதான் வரும். செயற்கைக்கோளில் வைக்கும் கருவியின் பரப்பே கிட்டத்தட்ட அந்த ஒரு சதுர மீட்டர்தான். தரையிலோ அந்த 120 மீட்டர் வட்டத்துக்குள் எங்கே இருந்தாலும் தொலைநோக்கிக்கு ஒளி கிடைக்கும். 45,000 சதுர மீட்டர்! கணக்குப் போட்டால் மணிக்கு முப்பது வரும். பாடத்தில் தடுப்புச் சுவர் என்று படித்த காற்று மண்டலமே இங்கே கருவியின் பாதி. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும்.

சிக்கல் எங்கே என்றால், புரோட்டான் போன்ற காஸ்மிக் கதிர்களும் இதே மாதிரி மழையை உண்டாக்கும், ஆயிரம் மடங்கு அதிகமாக. காமா மழையின் படம் கேமராவில் நெல்மணி மாதிரி ஒடுங்கி, வந்த திசையைக் காட்டி நிற்கும். புரோட்டான் மழை சிதறிக் கிடக்கும். இப்படிப் பிரிக்கலாம் என்று ஹில்லாஸ் என்ற விஞ்ஞானி 1985இல் சொன்னார். அதைக் கொண்டுதான் அமெரிக்காவின் அரிசோனாவில் விப்பிள் தொலைநோக்கிக் குழு நண்டு நெபுலாவைப் பிடித்து 1989இல் வெளியிட்டது. அந்தக் கேமராவில் 37 குழாய்தான்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், காஸ்மிக் கதிர் மின்னூட்டம் உள்ளது. வழியில் இருக்கும் காந்தப்புலம் அதை வளைத்துவிடும், எங்கிருந்து புறப்பட்டது என்று சொல்ல முடியாது. காமா நேராக வரும். 1912இல் ஹெஸ் என்ற விஞ்ஞானி பலூனில் ஏறிக் கண்டுபிடித்த காஸ்மிக் கதிர் எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு விலாசம் காட்டுவது காமாதான்.

இடம் சொல்கிறேன். தை பிறந்ததும் இரவு பத்து மணிவாக்கில் பாருங்கள். ஆறாமீனுக்குக் கிழக்கே சிவப்பாக ரோகிணி. இன்னும் கிழக்கே, தெற்கே தள்ளி, அதுவும் சிவப்பாக, திருவாதிரை. கையை நீட்டிச் சாண் பிடித்தால், ரோகிணிக்குக் கிழக்கே முக்கால் சாண், திருவாதிரைக்கு வடக்கே முக்கால் சாண். இரண்டும் சந்திக்கும் இடம்தான். உங்கள் ஊரில் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, நல்ல இருட்டில் பைனாகுலரில் லேசான புகை மாதிரி தெரியும். 1054இல் அந்த நட்சத்திரம் வெடித்தபோது 23 நாள் பகலிலேயே தெரிந்ததாகச் சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வைத்திக்குப்பம் மேரி:

அண்ணா, இதை நம் கடற்கரையிலேயே வைக்கலாமே, ஏன் லடாக்?

முத்தியால்பேட்டை பழையவர்:

ஈரக் காற்று, ஊர் வெளிச்சம், மேகம். நிலா இல்லாத, மேகம் இல்லாத ராத்திரிதான் கணக்கு. வருஷத்தில் அது ஆயிரம் மணி நேரம் தேறினாலே பெரிது. ஹான்லே கடல் மட்டத்திலிருந்து 4,300 மீட்டர், வறண்ட காற்று. மேகம் என்றால் என்ன என்று நம் புதுச்சேரிக்கு நன்றாகத் தெரியும் மேரி. சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து வந்த லெ ஜென்டில் இங்கே ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடிவிட்டது.

செல்வி, பாப்பா வீட்டிலேயே ஒன்று செய்யலாம். காஸ்மிக் கதிரின் துகள் மழையில் பிறந்த மியூவான்கள் (எலக்ட்ரான் மாதிரி, ஆனால் கனமான துகள்) தரைவரை வருகின்றன, சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஒன்று. உள்ளங்கையை விரித்தால் வினாடிக்கு ஒன்றாவது கடந்து போகும். மீன் தொட்டி மாதிரி சின்னக் கண்ணாடித் தொட்டி, உள்ளே அடிப்பக்கத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கம்பளித் துணியை ஒட்டுங்கள். கறுப்புத் தகட்டால் வாயை நன்றாக மூடி, தொட்டியைக் கவிழ்த்து டிரை ஐஸ் மேல் வையுங்கள். துணி மேலே, தகடு கீழே இருக்கணும். பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால், துகள் போன வழியில் ஆல்கஹால் ஆவி வெள்ளைக் கோடாகத் தெரியும். டிரை ஐஸை வெறுங்கையால் தொடவே கூடாது, ஜன்னல்கள் திறந்திருக்கணும்.

தேவனாம்பட்டினம் செல்வி:

ஐயா, செய்துவிட்டோம்! டிரை ஐஸ் எங்கே கிடைக்கும் என்று மூன்று நாள் அலைந்தோம். ஐஸ் பேக்டரியில் இல்லை. கடைசியில் கல்யாண மண்டபத்தில் பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறும்போது புகை விடுகிறாரே, அந்தத் தம்பிதான் புதுச்சேரியிலிருந்து வாங்கிக் கொடுத்தார். முதல் தடவை மருந்துக் கடை ஸ்பிரிட் ஊற்றினேன், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் என் தம்பி செல்போன் சர்வீஸ் கடையில் போர்டு துடைக்க வைத்திருந்த 99 சதவீத ஆல்கஹாலை ஊற்றினோம்.

விளக்கை அணைத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முதலில் தூறல் மாதிரிதான் இருந்தது. பிறகு தகட்டுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு, ஊசியில் கோத்த நூலை இழுத்துப் பிடித்த மாதிரி நேராக, வந்து கலைந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து இன்னொன்று. குட்டையாகத் தடிமனாகவும் சில வந்தன, அது என்ன என்று கேட்கச் சொல்கிறாள்.

முத்தியால்பேட்டை பழையவர்:

நூல் மாதிரி நீளமாக நேராகப் போனது மியூவான். குட்டைத் தடிமன் ஆல்ஃபா துகள், வீட்டுக் காற்றில் இருக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவிலிருந்து வருவது. சுருண்டு வளைந்து போவது எலக்ட்ரான், அடுத்த தடவை அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷத்துக்கு எத்தனை நேர்க்கோடு என்று நோட்டில் எழுதி வைத்து இங்கே போடச் சொல்லுங்கள் தங்கச்சி. நான் பார்க்கிறேன்.