சூப்பர் டீலக்ஸ்: அந்த டிவி பெர்லின் தலையில விழுந்திருக்கணுமா?

மொட்டைமாடி:
சூப்பர் டீலக்ஸ் 2019 மார்ச்ல வந்தப்போ பாத்துட்டு வாயடைச்சுப் போய் வெளிய வந்தவங்கள்ல நானும் ஒருத்தன். இப்ப மறுபடி 176 நிமிஷத்தையும் விடாம உக்காந்து பாத்தேன். ஒரு விஷயம் உறுத்திட்டே இருக்கு, அதான் இங்க போடறேன். படம் பாக்காதவங்க இதுக்கு மேல படிக்காதீங்க, முழுக்க ஸ்பாய்லர்.

ஞாபகத்துக்கு சுருக்கமா: வேம்பு பழைய காதலனை வீட்டுக்கு வரச் சொல்றா, அவன் அங்கயே செத்துப் போறான், புருஷன் முகில் வந்து நிக்கிறான், பொணம் ஃப்ரிட்ஜுக்குள்ள போகுது. இன்னொரு பக்கம் வீட்ட விட்டுப் போன மாணிக்கம் ஏழு வருஷம் கழிச்சு ஷில்பாங்கற திருநங்கையா திரும்பி வர்றாங்க, பையன் ராசுக்குட்டி அப்பாவுக்காகக் காத்துட்டு இருக்கான். பசங்க கூட்டம் ஒண்ணு திருட்டுத்தனமா ஏ படம் பாக்க, அதுல ஒருத்தனோட அம்மா லீலா வர்றாங்க, அவன் டிவிய உடைச்சுட்டு அம்மாவக் குத்த ஓடி, தடுக்கி விழுந்து தன்னையே குத்திக்கிறான். அவன் அப்பா அற்புதம் சுனாமில ஒரு சிலையைப் புடிச்சுப் பொழச்சவர், பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்காம ஜெபத்துல உக்காந்திருக்கார். இதுல ரெண்டு கதைக்குள்ள எஸ்.ஐ. பெர்லின் புகுந்து நாசம் பண்றான்.

இவ்வளவு நுணுக்கமா முடிச்சு போட்டுட்டு, அவிழ்க்கும்போது என்ன நடக்குது? பெர்லின் மேல டிவி விழுது. சிலைக்குள்ள இருந்து வைரம் கொட்டுது. பசங்களுக்குப் பணம் ஏலியன் கைல இருந்து வருது. கதாபாத்திரம் எதுவும் தன் முயற்சியில தப்பிக்கல, டைரக்டர் மேல இருந்து கை நீட்டி தூக்கி விடறார். எனக்கு இது ஏமாத்து வேலையாத்தான் தெரியுது.

ரீல்பெட்டி:
மொட்டைமாடி ப்ரோ, சுத்தமா ஒத்துக்க மாட்டேன். இந்தப் படத்துல எல்லாமே விபத்துலதானே ஆரம்பிக்குது. வேம்புவோட காதலன் சாகறது விபத்து. அந்தப் பையன் தடுக்கி விழுறது விபத்து. அதையெல்லாம் கேள்வி கேக்காம சிரிச்சுக்கிட்டே பாத்தோம்ல, அப்புறம் நல்லது நடக்கும்போது மட்டும் ஏன் லாஜிக் கேக்கறீங்க? கெட்டது தற்செயலா வரலாம், நல்லது மட்டும் உழைச்சுத்தான் வரணுமா? அந்த உலகத்தோட விதியே அதுதான், முதல் காட்சில இருந்து கடைசி வரைக்கும் டைரக்டர் அந்த விதிய மாத்தவே இல்ல.

இன்னொண்ணு, அந்த டிவி வானத்துல இருந்து குதிக்கல. பசங்க கதையில உடைஞ்ச அதே டிவி. அது வேற கதையில இருக்கற வில்லனோட தலையில விழுது பாருங்க, ஒருத்தரையொருத்தர் தெரியாத ரெண்டு குடும்பத்தோட தலையெழுத்து ஒரு நொடில முட்டிக்குது. ஹைப்பர்லிங்க் படத்துக்கு, அதாவது தனித்தனிக் கதைங்க குறுக்க வெட்டிக்கற படத்துக்கு, இத விட சுத்தமான முடிச்சு சொல்லுங்க பாப்போம்.

மொட்டைமாடி:
ஆரம்பிக்கற விபத்தும் முடிக்கற விபத்தும் ஒண்ணு இல்ல ப்ரோ. முதல் விபத்து ஆளுங்கள சிக்கல்ல தள்ளுது, அங்க இருந்து அவங்க என்ன செய்றாங்கன்னுதான் நாம பாக்க உக்காந்திருக்கோம். முகிலும் வேம்புவும் பொணத்த மெத்தையில சுத்தி இறக்கறப்போ போடற சண்டை இருக்கே, ஒரு பக்கம் அந்தக் கனம் தாங்காம மூச்சு வாங்குது, இன்னொரு பக்கம் கல்யாணம் ஏன் இப்படி ஆச்சுன்னு வாக்குவாதம், தமிழ்ல வந்த டார்க் காமெடில அத அடிச்சுக்க ஆள் இல்ல. அங்க சிரிப்பும் பயமும் அவங்க செயல்ல இருந்தே வருது. பெர்லின் உள்ள வந்ததும் ரெண்டு பேரும் கையாலாகாம நிக்கிறாங்க, வேம்பு என்ன செய்யப் போறாங்கற கேள்வி கழுத்து வரைக்கும் வந்து நிக்குது, அந்த நேரம் பாத்து டிவி விழுந்தா அந்தக் கேள்விக்கு பதிலே வராமப் போயிடுதுல்ல.

நடுராத்திரி ஷோ:
நடுவுல வர்றேன். தமிழ்ல குறுக்கும் நெடுக்குமா போற கதைகள் நிறையவே பாத்துட்டோம். ஆய்த எழுத்துல (2004) மூணு பேரும் நேப்பியர் பாலத்துல வந்து மோதுவாங்க. வானம் (2011) எல்லாரையும் ஒரே ஆஸ்பத்திரில கொண்டு போய் சேர்க்கும். மாநகரம் (2017) ஒரு ராத்திரி, ஆள் மாறாட்டம்னு ஓடும். இதுங்கள்ல எல்லாம் கதைங்க ஒரு இடத்துல சேரும்போது அங்க யாராவது ஒருத்தர் ஒரு முடிவு எடுத்தாகணும். வானத்துல சிம்பு திருடுன பணத்த என்ன செய்யறான்னு யோசிச்சுப் பாருங்க. சூப்பர் டீலக்ஸ்ல சேர்ற இடங்கள்ல யாரும் எதையும் முடிவு பண்றதில்ல, உரசிட்டுப் போயிடறாங்க. ஷில்பாவும் அற்புதமும் சந்திக்கறது கூட அப்படித்தான். இது குறையா நிறையான்னு கேட்டா, எனக்கு அந்த உரசல்தான் புடிச்சிருக்கு, நிஜத்துலயும் பக்கத்துத் தெருவுல யாருக்கு என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியப் போறதில்ல.

யாழினி_ஆர்:
நீங்க எல்லாரும் டிவி மேலயே நிக்கறீங்க, எனக்கு அதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி இருக்கு. போலீஸ் ஸ்டேஷன் சீன். ஷில்பா ராசுக்குட்டியோட மாட்டிக்கிறாங்க, பெர்லின் அவங்கள மிரட்டி பாலியல் கொடுமை பண்றான். அத எவ்வளவு நேரம், எவ்வளவு விவரமா காட்டறாங்க? திருநங்கைகள மூன்றாம் பாலினமா அங்கீகரிச்சு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2014ல. அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற படத்துல அவங்களுக்குக் கிடைக்கறது திரும்பவும் அதே அவமானம். நான் பாத்த தியேட்டர்ல அந்த சீன் ஆரம்பிக்கும்போது சிரிப்பு சத்தம் கேட்டுச்சு. ஒரு டார்க் காமெடி யாரப் பாத்து சிரிக்க வைக்குதுங்கறது எனக்கு முக்கியம். முகில பாத்து சிரிக்கலாம், அற்புதத்தோட நம்பிக்கைய பாத்து கூட சிரிக்கலாம், ஷில்பாவ பாத்து சிரிக்கற சிரிப்பு ஏற்கனவே தெருவுல இருக்கற சிரிப்பு.

ரீல்பெட்டி:
யாழினி சகோ, தியேட்டர்ல யாரோ சிரிச்சதுக்கு படம் என்ன பண்ணும்? ஆரம்பத்துல சிரிச்சவன அதே சீன் முடியறதுக்குள்ள வாய மூட வச்சுடுச்சுல்ல. அந்தக் காட்சி பெர்லின் எப்பேர்ப்பட்டவன்னு காட்டத்தான் இருக்கு, ஷில்பாவ கேலி பண்ண இல்ல. ராசுக்குட்டிய மறந்துட்டீங்களா? படம் முழுக்க ஷில்பாவ கேள்வி கேக்காம ஏத்துக்கற ஒரே ஆள் அந்தக் குழந்தை. ஆம்பளையா பொம்பளையாங்கறது அவனுக்கு ஒரு பொருட்டே இல்ல, கூடவே இருந்தா போதும்னு நிக்கிறான். அப்பாவ கூட்டிட்டுப் போய் ஸ்கூல்ல காட்டணும்னு அவனுக்கு இருக்கற ஆசை, அந்த நடை, கையப் புடிச்சிருக்கற விதம்... அத எழுதுன கை ஷில்பாவ பாத்து சிரிக்காது. ஷில்பாவா நடிச்ச விஜய் சேதுபதிக்கு சிறந்த துணை நடிகர் தேசிய விருது சும்மா கொடுத்துடல.

யாழினி_ஆர்:
விருதப் பத்தி நீங்களே எடுத்துட்டீங்க, சொல்லிடறேன். அதே 2019ல, சூப்பர் டீலக்ஸுக்கு ரெண்டு மாசம் முன்னாடி பேரன்பு வந்துச்சு. அதுல மீரா கேரக்டர்ல நடிச்சது அஞ்சலி அமீர், அவங்களே திருநங்கை. அவங்க திரையில நடந்து வந்து பேசும்போது யாருக்கும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லாத மாதிரி இருந்தாங்க. விஜய் சேதுபதி நல்ல நடிகர், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த வேஷத்த ஒரு ஆம்பளைக்குத்தான் கொடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, பேரன்புல அத செஞ்சு காமிச்சுட்டாங்க.

அப்புறம் நீங்க சொல்லாம விட்ட இடம் ஒண்ணு இருக்கு. ஷில்பா மும்பைல இருந்தப்போ குழந்தைகள பிச்சையெடுக்க வைக்கற கும்பல்கிட்ட கொடுத்துட்டதா சொல்ற இடம். ராசுக்குட்டி காணாமப் போனதும் அது தன் பாவத்துக்குக் கிடைச்ச தண்டனைன்னு ஷில்பா உடைஞ்சு போறாங்க. திருநங்கைன்னா குழந்தையத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு ஊருக்குள்ள இருக்கற வதந்திய அப்படியே எடுத்து அவங்க வாயாலயே சொல்ல வச்சாச்சு. இது கதைக்கு எதுக்குங்க தேவை? முகிலுக்கோ அற்புதத்துக்கோ இப்படி ஒரு பழைய குற்றத்த வைக்கணும்னு தோணலியே.

நடுராத்திரி ஷோ:
யாழினி சொல்ற அந்த மும்பை விஷயம் எனக்கும் நெருடல்தான். டைரக்டர் குமாரராஜா, மிஷ்கின், நலன் குமாரசாமி, நீலன் கே. சேகர்னு நாலு பேர் எழுதியிருக்காங்க, நாலு பேர்ல ஒருத்தராவது அத நிறுத்தியிருக்கலாம்.

ரீல்பெட்டி:
எல்லா கதாபாத்திரமும் ஏதோ ஒரு தப்போட இருக்கறதுதான் இந்தப் படம். வேம்பு, லீலா, அந்தப் பசங்க, யாருமே சுத்தம் இல்ல. ஷில்பாவ மட்டும் தியாக சிலையா வச்சிருந்தா அப்ப என்ன சொல்லியிருப்பீங்க, பரிதாபத்துக்காக வச்ச கேரக்டர்னு சொல்லியிருப்பீங்க. குற்றம் பண்ணவங்களுக்கும் மன்னிப்பு உண்டுங்கறத அவங்க மூலமாத்தான் படம் சொல்லுது. பெர்லின் ஒருத்தன்தான் மன்னிப்பே இல்லாம போறான், ஏன்னா அவன் கைல அதிகாரம் இருக்கு, அத வச்சுத்தான் எல்லாத்தையும் பண்றான். அதனாலதான் அந்த டிவி சரியான ஆள் மேல விழுதுன்னு நான் சொல்றேன்.

மொட்டைமாடி:
சரியான ஆள் மேல விழுதுங்கறதுதான் என் பிரச்சனையே ப்ரோ! உலகம் தற்செயலா ஓடுதுன்னா அது ஷில்பா மேலயும் விழலாம், முகில் மேலயும் விழலாம். வில்லன குறி பாத்து விழுந்தா அது எப்படிங்க தற்செயல்? நீங்க மேல ஒரு பதிவுல விபத்துன்னீங்க, இப்ப நீதின்னு சொல்றீங்க. நிஜத்துல ஸ்டேஷன்ல இப்படி மாட்டுனவங்களுக்கு எந்த மாடியில இருந்தும் எதுவும் விழுறதில்ல. அந்த ஆத்திரத்தோட நம்மள வீட்டுக்கு அனுப்பியிருக்கணும், படம் அத எடுத்து நமக்கு ஒரு கைதட்டலா மாத்திக் கொடுத்துடுச்சு. சிலைக்குள்ள வைரமும் அதே கதைதான். அற்புதம் நம்பிக்கைக்கும் பையன் உயிருக்கும் நடுவுல தவிக்கற தவிப்பு, மிஷ்கின் அத கத்திக் கதறி நடிச்சிருக்கறது, எல்லாத்தையும் கட்டி எழுப்பிட்டு வைரத்தக் கொட்டினா பணப் பிரச்சனை தீர்ந்துச்சு, அந்த ஆளோட மனசுல இருந்த பிரச்சனை அப்படியே நிக்குது. ஏலியன் பத்தி நான் பேசவே வரல, அந்தப் பகுதி படத்துல இல்லன்னாலும் எனக்கு எந்த நஷ்டமும் இல்ல.

இதுக்கு நேர் எதிரா லீலாவப் பாருங்க. அந்தப் பையன் கண்ண முழிச்சதும் அவன்கிட்ட அவங்க பேசறாங்க. பாக்கறதுக்கு லட்சம் பேர் இருக்கும்போது நடிக்கறதுக்கு நாலு பேர் இருக்கத்தான் செய்வாங்கங்கற மாதிரி ஒரு பேச்சு. அழுகை இல்ல, மன்னிப்பு கேக்கல, ரம்யா கிருஷ்ணன் குரல கூட உசத்தல. படுத்திருக்கற பையன் மூஞ்சில கோபம் எங்க போறதுன்னு தெரியாம நிக்குது. அந்த ஒரு கதைதான் ஒரு ஆள் வாயத் திறந்து பேசினதால திரும்புது. அவங்களுக்குக் கிடைச்ச அந்த ரெண்டு நிமிஷம் வேம்புவுக்கும் கிடைச்சிருக்கணும்.

ரீல்பெட்டி:
லீலா சீன் பத்தி நீங்க சொன்னதுல ஒரு எழுத்து கூட மாத்த வேணாம். ஆனா பெர்லின் மாதிரி ஒருத்தன்கிட்ட பேசி என்ன ஆகும்? லீலா பேசினது மகன்கிட்ட, காது கொடுத்துக் கேக்கற ஒருத்தன்கிட்ட. வேம்பு எதிர்ல யூனிஃபார்ம் போட்ட ஒருத்தன் நிக்கிறான். அவ அங்க என்ன செஞ்சிருக்கணும்னு நினைக்கறீங்க, அத சொல்லுங்க.

யாழினி_ஆர்:
அவன் தலைல அந்த டிவிய வேம்புவே தூக்கிப் போட்டிருக்கணும். நான் அதத்தான் எதிர்பாத்தேன்.