லாரித் தண்ணீர், குடம், வீட்டு ஆண்கள்: கோளாறு எங்கே?

வியாசர்பாடி வாசி:
மெட்ரோ வாட்டர் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தால் எங்கள் தெருவில் குடத்தோடு ஓடுவது அம்மாவும் பொண்ணும்தான். காலேஜ் போகிற பையன் போர்வைக்குள். இதைப் பழக்கிவிடுவது வீடுதான் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

தண்டையார்பேட்டைக்காரன்:
மறுக்கிறேன். கோளாறு குழாயில். வீட்டுக்குள் ஒழுங்காகத் தண்ணீர் வந்தால் குடம் யார் தூக்குவது என்ற பேச்சே எழாது. ராத்திரி முழுக்க எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரியோடு வரிசையில் நின்றுவிட்டு வருகிற டிரைவர் கையில் குடத்தைக் கொடுப்பீர்களா?

காசிமேட்டு அக்கா:
அவர் தூங்கட்டும் தம்பி. விடியுமுன்னே ஏலத்துக்குப் போய், மீன் எடுத்து, வெயிலில் உட்கார்ந்து விற்றுவிட்டு வருகிறவள் எப்போது தூங்குவாள்? வந்ததும் அடுப்பைத்தானே பற்றவைக்கிறாள். அப்புறம், குழாய் வந்த வீட்டில் மட்டும் அண்ணன்கள் பாத்திரம் தேய்க்கிறார்களா? 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கூலியில்லாத வீட்டுவேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97. அந்த 97 கூட அன்று ஏதாவது வீட்டுவேலை செய்த ஆண்களின் சராசரி. அப்படிச் செய்தவர்களே நூற்றுக்கு 26 பேர்தான்!

தண்டையார்பேட்டைக்காரன்:
அது இந்தியா முழுவதற்குமான கணக்கு. இங்கே 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2023லிருந்து தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகை. இன்னும் என்ன?

கொருக்குப்பேட்டை பையன்:
சரி, பணம் வருகிறது. ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது? எங்கள் லைனில் பல வீடுகளில் புருஷன் பையில். இன்னொன்று, நான் குடத்தோடு நின்றால் "ஏன்டா, அக்கா ஊர்ல இல்லையா?" என்று கேட்பது பெண்கள்தான். எங்கள் அம்மாவே குடத்தைப் பிடுங்கிக்கொள்கிறார், மானம் போகிறதாம். ஆண்களை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வியாசர்பாடி வாசி:
அதைத்தான் நானும் வீடு என்கிறேன். சட்டத்தையே எடுங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே கொண்டுவந்தது, அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டார்கள் என்றாலும். ஆனால் பங்கு கேட்டால் தாய்வீட்டுச் சீர் நின்றுபோகும், அண்ணன் வாசல்படி ஏறமாட்டான். அந்தப் பயத்திலேயே, பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

தண்டையார்பேட்டைக்காரன்:
எல்லாரும் பயந்தா போடுகிறார்கள்? பாசத்தில் விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. எங்கள் அக்கா அப்படித்தான் எழுதிக்கொடுத்தார்.

காசிமேட்டு அக்கா:
இருக்கலாம். பாசத்தில் தங்கச்சிக்கு எழுதிக்கொடுத்த அண்ணன் ஒருத்தரையாவது உங்கள் பக்கம் தெரிந்தால் சொல்லுங்கள்.