புதுப்பிப்பு: சிவிலைசேஷன் 6 (நகரங்கள் அமைத்து நாகரிகத்தை வளர்க்கும் கணினி விளையாட்டு), முதல் ஐம்பது டர்ன் (ஆட்டச் சுற்று)

போன பதிவில், ஆட்டம் தொடங்கும்போது நின்ற இடத்திலேயே தலைநகரை நிறுவிவிடலாம் என்று சொல்லியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்: ஆறோ ஏரியோ ஒட்டியிருந்தால் மட்டும்தான். நன்னீர் ஓரமென்றால் குடியிருப்பு (நகரம் எத்தனை மக்களைத் தாங்கும் என்ற எண்) 5, கடலோரம் 3, இரண்டும் இல்லையென்றால் வெறும் 2. தலைநகரில் அரண்மனை தரும் 1 தனி. மக்கள்தொகை இந்த எண்ணுக்கு ஒன்று குறைவாக வந்ததுமே வளர்ச்சி பாதியாகும், எட்டிவிட்டால் கால்வாசிதான். தண்ணீருக்காக ஒரு டர்ன் நடப்பதில் நஷ்டமே இல்லை.

டிஸ்ட்ரிக்ட் (நகரத்தின் சிறப்புப் பகுதி) எப்போது கட்டுவது என்று கேட்டிருந்தார்கள். கட்டுவது பிறகு, இடத்தை முதலில் பிடியுங்கள். டெக் (தொழில்நுட்ப ஆராய்ச்சி), சிவிக் (சமூக, பண்பாட்டு ஆராய்ச்சி) முடிய முடிய டிஸ்ட்ரிக்டின் விலை ஏறும். ஆனால் வரைபடக் கட்டத்தில் வைத்த நொடியே அதன் விலை பூட்டிக்கொள்ளும். ஆகவே ரைட்டிங் என்ற டெக் முடிந்ததும் கேம்பஸை (அறிவியல் டிஸ்ட்ரிக்ட்) மலைகளுக்கு நடுவே வைத்துவிட்டு (ஒட்டிய ஒவ்வொரு மலைக்கும் +1 அறிவியல்), உற்பத்தியை செட்லருக்கு (புது நகரம் நிறுவுபவர்) மாற்றலாம். இரண்டாவது டிஸ்ட்ரிக்டுக்கு மக்கள்தொகை 4 வேண்டும், மூன்றாவதற்கு 7. செட்லர் முடிந்ததும் நகரத்தின் மக்கள்தொகையில் ஒன்று குறையும், அதையும் கணக்கில் வையுங்கள்.

காட்டுமிராண்டிகள் (எந்த நாட்டையும் சேராத எதிரிகள்) திடீரென்று வருவதில்லை. அவர்களின் ஸ்கவுட் (வேவு பார்ப்பவர்) தலைமேல் ஆச்சரியக்குறி தெரிந்தால் உங்கள் நகரத்தைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். அது முகாமுக்குத் திரும்பினால்தான் படை கிளம்பும். அந்த ஸ்கவுட்டை ஸ்லிங்கரால் (கவண் வீரர்) கொன்றால் ஆர்ச்சரி டெக்குக்கான யுரேகாவும் (ஆராய்ச்சியை விரைவாக்கும் போனஸ்) சேர்ந்தே கிடைக்கும்.