.ப்ரொஃபைலில் ஒரு வரி தப்பானால் டெஸ்க்டாப்பே திறக்கக் கூடாதா?

கருந்திரை:
தங்கையின் ஸுபுண்டு (உபுண்டு லினக்ஸின் ஒரு வகை) கணினியில் பாஸ்வேர்டு சரியாகப் போகிறது. திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி லாகின் திரையிலேயே வந்து நிற்கிறது. கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி, கட்டளை மட்டும் தட்டும் எழுத்துத் திரை வழியாக உள்ளே போனால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. கடைசியில் பார்த்தால், லாகினின்போது வாசிக்கப்படும் .ப்ரொஃபைல் என்ற அமைப்பு ஃபைலில் ஜாவா பாதைகளை வைத்து யாரோ ஓர் அர்ரே (அடைப்புக்குறிக்குள் பல மதிப்புகளின் பட்டியல்) எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை எடுத்ததும் சரியாகிவிட்டது. ஒரு வரிக்காக ஆளையே உள்ளே விடாதது டிஸ்ட்ரோவின் (இந்த லினக்ஸ் தொகுப்பின்) தப்பு என்றுதான் சொல்வேன்.

டெபியன்_ரசிகர்:
இல்லை தம்பி. 2006 அக்டோபரில் வந்த உபுண்டு 6.10 தொட்டு எஸ்எச் (கட்டளைகளை வாசித்து ஓட்டும் அடிப்படை ஷெல்) என்றால் டாஷ் என்ற சிறிய ஷெல்தான். உபுண்டுவுக்கு மூலமான டெபியனும் 2011-இல் ஸ்க்வீஸ் வெளியீட்டோடு மாறிவிட்டது. ஸுபுண்டுவின் லாகின் திரையான லைட்-டிஎம், செஷனை (டெஸ்க்டாப் அமர்வை) தொடங்கும் ஸ்கிரிப்ட் எஸ்எச்சில் ஓடுகிறது; .ப்ரொஃபைலைத் தனக்குள்ளேயே இழுத்து வாசிக்கிறது. டாஷுக்கு அர்ரே தெரியாது. அடைப்புக்குறியைக் கண்டதும் சின்டாக்ஸ் எரர், ஷெல் அங்கேயே வெளியேறும், செஷனும் கூடவே போகும். பாஷ் என்ற பெரிய ஷெல்லின் நிபந்தனைக் குறியான [[ ]] எழுதியிருந்தால் ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று முனகிவிட்டு மேலே போயிருக்கும். எஃப்3-இல் வருவது பாஷ், அதற்கு அர்ரே தெரியும்; அதனால் அங்கே பிழை தெரியவில்லை. பாஷுக்கு மட்டும் வேண்டியதை அதன் சொந்த ஃபைலான .பாஷ்ஆர்சியில் வையுங்கள்.

கருந்திரை:
விதி எனக்கும் புரிகிறது அண்ணா. ஆனால் அதே ஃபைலை க்னோம் டெஸ்க்டாப்பின் வேலண்ட் செஷனில் யூசரின் லாகின் ஷெல் வாசிக்கிறது. இன்னொரு லாகின் திரையான எஸ்டிடிஎம்மும் யூசரின் ஷெல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அங்கே யூசரின் ஷெல்லை இசட்எஸ்எச் என்ற வேறொரு ஷெல்லுக்கு மாற்றினால் .ப்ரொஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரே ஃபைலை இத்தனை பேர் இத்தனை விதமாக வாசித்தால், வீட்டில் கணினி வைத்திருப்பவர் எதை நம்பி எழுதுவது?

டெபியன்_ரசிகர்:
அதனால்தான் போசிக்ஸில் (ஷெல்களுக்குப் பொதுவான தர விதியில்) மட்டும் எழுதச் சொல்கிறேன். யார் வாசித்தாலும் உடையாது. இசட்எஸ்எச்காரர்கள் .இசட்ப்ரொஃபைலிலிருந்து அதை அழைத்துக்கொள்ளலாம்.

நெல்லை_நிரலர்:
பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) மாதிரி வேரியபிள்களுக்கு ஷெல்லே எதற்கு? க்னோம் போல, சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி வழியாகச் செஷன் ஓடும் டெஸ்க்டாப் என்றால், .கான்ஃபிக் அடைவுக்குள் என்விரான்மென்ட்.டி என்று ஓர் அடைவு வைத்து, அதில் .கான்ஃப் என்று முடியும் ஃபைலில் பெயர்=மதிப்பு என்று எழுதினால் போதும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து நுழையும்போது அது தானாக வராது. .ப்ரொஃபைல்தான் வேண்டும் என்றால் ‘டாஷ் -என்’ (ஓட்டாமல் இலக்கணத்தை மட்டும் பார்ப்பது) போட்டுப் பாருங்கள். அர்ரே உடனே மாட்டும். ஆனால் [[ ]] அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். அதற்கு டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜில், பாஷுக்கே உரிய எழுத்துமுறைகளைப் பிடிக்கும் செக்பாஷிசம்ஸ் கருவி இருக்கிறது.

கருந்திரை:
அந்த ‘டாஷ் -என்’ சோதனையை லாகின் ஸ்கிரிப்டே செய்யலாமே! பிழை இருந்தால் .ப்ரொஃபைலை விட்டுவிட்டு, செஷனைத் திறந்து, எந்த வரி என்று ஒரு செய்தி காட்டட்டும். இதையே பக் ரிப்போர்ட்டாகப் போடப் போகிறேன்.

டெபியன்_ரசிகர்:
போடுங்கள், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் பாதி வேரியபிள் இல்லாமல் திறக்கிற செஷனில் அடுத்து என்ன உடைகிறது என்று தேடுவது இதைவிடக் கஷ்டம். அதையும் அதில் எழுதுங்கள்.